எல்க் வேட்டைக்கு ஸ்கோப் வாங்கும் முன்

"மாமா, 6-24 வாங்கவா, 5-25 வாங்கவா?"

சால்ட் லேக் சிட்டியிலிருந்து அக்கா மகன் போனில் கேட்ட முதல் கேள்வி இது. ஸ்கோப் என்பது துப்பாக்கி மேல் மாட்டும் தொலைநோக்கி. 6-24 என்றால் ஆறு மடங்கிலிருந்து இருபத்து நாலு மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டும், அந்த மடங்கைத்தான் பவர் என்கிறோம். வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்து அட்டை வாங்கிவிட்டான். 7 எம்எம் ரெமிங்டன் மேக்னம் துப்பாக்கியும் வாங்கி பூட்டி வைத்திருக்கிறான். மேலே மாட்ட ஸ்கோப் மட்டும்தான் பாக்கி.

"எவ்வளவு தூரத்துல சுடப் போறே மாப்ளே?"

"ஆயிரம் கெஜம் வரைக்கும் போகுமாம் மாமா."

துப்பாக்கி போகும். அதில் சந்தேகமில்லை. ஆனால் எல்க், அதாவது இங்குள்ள பெரிய மான், குறி பழகும் இரும்புத் தகடு இல்லை. அன்று அவனிடம் ஒன்றரை மணி நேரம் பேசினேன். அமெரிக்க மேற்கில் குடியேறி, முறைப்படி லைசென்ஸ் எடுத்து வேட்டைக்குப் போகத் தொடங்கும் நம் பிள்ளைகள் இன்னும் சிலரும் இதையே கேட்கிறார்கள் என்பதால் எழுதி வைக்கிறேன்.

நான் கொலராடோவின் கிராண்ட் ஜங்ஷனில் நில அளவை வேலை பார்க்கிறேன். திண்டுக்கல்லில் டிப்ளமோ படித்த காலத்தில் கோணம் அளக்கும் தியோடலைட்டைத் தோளில் சுமந்தவன். இப்போது அதன் மின்னணு வாரிசான டோட்டல் ஸ்டேஷன். பதினொரு வருடமாக அக்டோபர் கடைசியில் எல்க் வேட்டைக்குப் போகிறேன். கறிக்காகத்தான். ஒரு எல்க் கிடைத்தால் எங்கள் வீட்டு ஃப்ரீஸருக்கு ஒரு வருடத்துக்குப் போதும். அளவைக் கருவியோடு இத்தனை வருடம் பழகியதால் ஸ்கோப்பையும் நான் முதலில் ஓர் அளவைக் கருவியாகத்தான் பார்க்கிறேன். காட்டும் கோடும் நிஜமான திசையும் ஒன்றாக இருக்கிறதா, இன்றைக்கு இருந்த இடத்திலேயே நாளைக்கும் இருக்குமா என்பதுதான் முதல் கேள்வி. எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டுகிறது என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

ஆனால் ஸ்கோப்புக்கு முன்னால் தூரத்தை முடிவு செய்ய வேண்டும். அவனுடைய துப்பாக்கியையே எடுத்துக்கொள்வோம். 162 கிரெய்ன் எடையுள்ள தோட்டா, குழலை விட்டு வெளியேறும்போது வினாடிக்கு ஏறக்குறைய 2,940 அடி வேகம். 200 கெஜத்தில் குறி சரியாக வைத்தால் 300 கெஜத்தில் 6 அங்குலம் கீழே போகும், 400-ல் 17 அங்குலம், 500-ல் 34 அங்குலம். உயரமான மலையில் காற்று லேசு என்பதால் இது சற்றுக் குறையும். கீழே விழுவதைக் கணக்குப் போட்டுத் திருத்திவிடலாம், அது புவியீர்ப்பு, ஏமாற்றாது. காற்றுதான் ஏமாற்றும். மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்று 500 கெஜத்தில் இதே தோட்டாவை ஓர் அடிக்கு மேல் தள்ளிவிடும். எல்க்கின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி ஒரு பெரிய சாப்பாட்டுத் தட்டின் அளவுதான், ஓர் அடி விட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 500 கெஜத்துக்குத் தோட்டா போய்ச் சேர அரை வினாடிக்கு மேல் ஆகிறது. ஆயிரத்துக்கு ஒன்றரை வினாடியை நெருங்கும். அந்த நேரத்துக்குள் எல்க் ஓர் அடி முன்னால் எடுத்து வைத்தால் நுரையீரலில் பட வேண்டியது குடலில் படும். அப்புறம் அது எங்கோ ஒரு பள்ளத்தில் இரவெல்லாம் வலியோடு கிடந்து சாகும். எந்த ஸ்கோப்பும் இதற்கு மருந்தில்லை. என் எல்லை 450 கெஜம், அதுவும் படுத்துச் சுட இடமும் அமைதியான காற்றும் இருந்தால். முதல் இரண்டு வருடத்துக்கு அவனுடைய எல்லை 300 என்று சொன்னேன். ஒத்துக்கொண்டான்.

தூரம் இதுதான் என்று முடிவானதும் ஸ்கோப்பிடம் நாம் கேட்பது எவ்வளவோ குறைந்துவிடுகிறது. 500 கெஜத்துக்குத் தேவையான திருத்தம் 2 மில்லுக்கும் (மில் ஒரு கோண அளவு, கீழே விளக்குகிறேன்) குறைவு. 25 பவர் எதற்கு?

அதிக பவர் உதவாமல் போவது மட்டுமில்லை, கெடுதலும் செய்யும். எனக்கு அது இரண்டாவது வருடம் புரிந்தது. அப்போது என்னிடம் இருந்தது 6-24. கிராண்ட் மேசா மேல் பத்தாயிரம் அடி உயரத்தில், ஒரு வெட்டவெளியின் விளிம்பில் உட்கார்ந்து எதிர்ச்சரிவுக்காகப் பவரை 24-ல் வைத்திருந்தேன். வலப்பக்கம் ஆஸ்பன் மரங்களுக்குள் ஒரு சுள்ளி முறிந்தது. திரும்பினால் நாற்பது கெஜத்தில் ஆண் எல்க். வாயிலிருந்து ஆவி வருவது வெறும் கண்ணுக்கே தெரிகிறது. துப்பாக்கியை உயர்த்தினேன். ஸ்கோப்புக்குள் பழுப்பு மயிர், வேறெதுவும் இல்லை. தோளா, வயிறா, பின்னங்காலா, எதுவும் தெரியவில்லை. தூரத்துக்காக ஃபோகஸ் வைத்திருந்ததால் அந்த மயிரும் கலங்கலாக இருந்தது. தடித்த கையுறையோடு பவர் வளையத்தைத் தேடித் திருகுவதற்குள் மரங்களுக்கிடையே வெண்மையான பின்புறம் ஒருமுறை தெரிந்து மறைந்தது.

பிறகு வீட்டில் கணக்குப் போட்டேன். 24 பவரில் 100 கெஜத்தில் தெரியும் அகலம் நாலரை அடி அளவில்தான். நாற்பது கெஜத்தில் இரண்டு அடிகூட இல்லை. ஆண் எல்க்கின் உடல் நீளமே எட்டு அடி வரும். 3 பவராக இருந்தால் அதே நாற்பது கெஜத்தில் 12, 13 அடி தெரிந்திருக்கும், முழு மிருகமும் சுற்றியிருக்கும் மரங்களும் அடங்கும். ஆகவே ஸ்கோப் வாங்கும்போது பெரிய எண்ணைப் பார்ப்பதற்கு முன் சின்ன எண்ணைப் பாருங்கள். அது 3 அல்லது அதற்குக் கீழே இருக்கட்டும், 4-க்கு மேல் போக வேண்டாம். மேல் எண் 12 முதல் 15 போதும். 3-15, 2.5-10, 3-12 எல்லாம் இந்த வேலைக்குப் பொருந்தும்.

இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். மிருகத்தைத் தேட ஸ்கோப்பைப் பயன்படுத்தக் கூடாது. தேட பைனாகுலர் வேண்டும். ஸ்கோப்பில் தேடினால் என்னவென்று தெரியாத ஒன்றின் மீது குழலை நீட்டுகிறோம் என்று பொருள். அது ஆரஞ்சு கோட்டுப் போட்ட இன்னொரு வேட்டைக்காரராகவும் இருக்கலாம். அன்றைய என் தவறு அங்கேதான் தொடங்கியது.

அடுத்து வெளிச்சம். கொலராடோவில் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிலிருந்து மறைவுக்கு அரை மணி பின்பு வரை சுடலாம். எல்க் வெளியே வருவது பெரும்பாலும் அந்த இரண்டு முனைகளில்தான். முன் லென்ஸின் விட்டத்தை பவரால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 50 மில்லிமீட்டர் லென்ஸில் 10 பவர் என்றால் 5 மில்லிமீட்டர், 24 பவர் என்றால் 2 மில்லிமீட்டர் சொச்சம். இருட்டில் இளவயதுக் கண்மணி 7 மில்லிமீட்டர் வரை விரியும். என் வயதுக்கு 5 என்று கொள்ளலாம். 44 மில்லிமீட்டர் லென்ஸே 9 பவரில் அந்த 5-ஐத் தந்துவிடுகிறது. அதனால் 56 லென்ஸ் வாங்கி, அதை உயரத் தூக்கி மாட்டி, கன்னம் கட்டையில் படாமல் தவிக்க வேண்டாம். ஒளியைக் கூட்டப் பவரைக் குறைத்தாலே போதும்.

கண்ணாடியின் தரத்தைக் கடைக்குள் டியூப் லைட் வெளிச்சத்தில் சோதிக்காதீர்கள். அங்கே எல்லா ஸ்கோப்பும் பளிச்சென்றுதான் இருக்கும். அந்தி நேரத்தில் ஸ்கோப்பை மட்டும் வெளியே எடுத்துப்போய்ப் பார்க்கலாமா என்று கேளுங்கள், துப்பாக்கி வேண்டாம். ஒரு மரத்தடி நிழலுக்குள் பாருங்கள். கிளையையும் அதன் பின்னாலுள்ள இருட்டையும் பிரித்துக் காட்டுகிறதா? மறையும் சூரியனுக்குப் பக்கத்தில் திருப்பினால் உள்ளே வெள்ளையாகப் பால் போலப் படர்கிறதா? இந்த இரண்டும் போதும்.

இனி எனக்கு மிக முக்கியமான விஷயம். ஸ்கோப்பின் வெளிக்குழாய்க்குள் இன்னொரு சின்னக் குழாய் இருக்கிறது. லென்ஸ்களோடு அது உள்ளே மிதந்தபடி இருக்கும். மேலேயும் பக்கத்திலேயும் உள்ள, குறியை நகர்த்தும் டரட் திருகுகள் ஒருபுறம் தள்ள, எதிர்ப்புறம் ஒரு ஸ்பிரிங் தள்ள, இந்த இரண்டு விசைக்கும் நடுவில்தான் உங்கள் குறி நிற்கிறது. மேக்னம் துப்பாக்கி ஒவ்வொரு முறை உதைக்கும்போதும், காட்டுப் பாதையில் லாரி குலுங்கும்போதும் அந்த ஸ்பிரிங்தான் தாங்குகிறது. பளபளப்பான கண்ணாடியைப் போட்டு, ஸ்பிரிங்கிலும் திருகிலும் மிச்சம் பிடித்த ஸ்கோப்புகள் இருக்கின்றன. வெளியே பார்த்தால் தெரியாது.

என் நாலாவது வருடம். முகாமுக்குப் போகும் வழி முழுக்கப் அலை அலையாக அரித்த மண் ரோடு, இரண்டு மணி நேரம். மறுநாள் சீசன். எங்கள் சர்வே குழுவின் மூத்தவர் ஒருவர், எனக்கு வேட்டை கற்றுக் கொடுத்தவர், "எதுவாக இருந்தாலும் மூன்று தோட்டா சுட்டுப் பார்த்துவிடு" என்றார். 100 கெஜத்தில் அட்டை வைத்துச் சுட்டேன். மூன்றும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கும் நெருக்கத்தில் விழுந்தன, ஆனால் மையத்திலிருந்து ஐந்து அங்குலம் இடப்புறம். அதாவது 400 கெஜத்தில் இருபது அங்குலம். வீட்டிலிருந்து கிளம்பியபோது மையத்தில் இருந்த துப்பாக்கி அது.

ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடித்திருக்கும் ரிங் தளர்ந்துவிட்டதோ என்று முதலில் நினைத்தேன். ஆனால் மாட்டும்போதே ஒவ்வொரு திருகின் தலையிலிருந்து ரிங் வரைக்கும் மனைவியின் நகப்பாலிஷால் ஒரு மெல்லிய சிவப்புக் கோடு இழுத்து வைத்திருந்தேன். திருகு அசைந்தால் கோடு விலகும். டார்ச் அடித்து எட்டுத் திருகையும் பார்த்தேன், ஒரு கோடும் விலகவில்லை. உள்ளே இருப்பதுதான் அசைந்திருக்கிறது. மறுபடி சரிசெய்து சுட்டால் சரியாக வந்தது. ஆனால் நாளைக் காலை அது எங்கே இருக்கும் என்று யாரால் சொல்ல முடியும்? அந்த சீசன் முழுவதும் நான் துப்பாக்கியைத் தொடவில்லை, மற்றவர்களுக்குக் கறி சுமந்தேன். கம்பெனி கேள்வி கேட்காமல் புது ஸ்கோப் அனுப்பியது. வாரண்டியால் ஸ்கோப் திரும்ப வந்தது, அந்த அக்டோபர் வரவில்லை. அந்த மூன்று தோட்டாக்களைச் சுடாமல் போயிருந்தால் ஓர் எல்க்கின் வயிற்றில் சுட்டிருப்பேன் என்பதை இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

ஆகவே பணத்தை முதலில் உறுதிக்குக் கொடுங்கள். பெயர் கேட்பவர்களுக்கு: டரட்டின் உறுதிக்கு ஐடஹோ மாநிலம் ஒரோஃபினோவின் நைட்ஃபோர்ஸ் பேர் வாங்கியது, எடை குறைவுக்கு ஓரிகனின் லியுபோல்ட், அந்தி வெளிச்சத்துக்கு ஆஸ்திரியாவின் ஸ்வரோவ்ஸ்கி. பெயரைப் பார்த்து வாங்கினாலும் கீழே சொல்லும் சோதனையைச் செய்யாமல் நம்ப வேண்டாம். துப்பாக்கிக்கு எவ்வளவோ ஸ்கோப்புக்கும் அவ்வளவு என்று நானே ஒதுக்கிவிடுவேன்.

டரட்டும் ரெட்டிகிளும் (ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடு) ஒரே அலகில் இருக்க வேண்டும். பழைய ஸ்கோப் சிலவற்றில் உள்ளே கோடு மில்லிலும் வெளியே திருகு எம்ஓஏவிலும் இருக்கும். தள்ளுபடியில் கிடைத்தாலும் தொடாதீர்கள். எம்ஓஏ என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒன்று, 100 கெஜத்தில் ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். மில் என்பது தூரத்தில் ஆயிரத்தில் ஒன்று, 100 மீட்டரில் 10 சென்டிமீட்டர். தியோடலைட்டில் பாகை, நிமிடம், வினாடி பழகிய எனக்கு எம்ஓஏதான் சொந்த ஊர்க்காரன் மாதிரி. ஆனாலும் மில்லைத்தான் எடுத்தேன், எண்கள் சின்னவை என்பதால். 500 கெஜத்துக்கு 6.5 என்பதைவிட 1.9 என்பது குளிரில் நடுங்கும்போது நினைவில் நிற்கிறது. கூட வருபவர் எந்த அலகில் பேசுகிறாரோ அதை எடுப்பதும் நல்ல காரணம்தான்.

மேல் டரட் பூட்டிக்கொள்ளும் வகையாகவோ, பூஜ்யத்துக்குக் கீழே திரும்பாமல் தடுக்கும் ஜீரோ ஸ்டாப் உள்ளதாகவோ இருக்கட்டும். மரக்கிளை உரசி ஒரு முழுச் சுற்று சுற்றியிருப்பதை இருட்டில் கவனிக்காமல் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பக்கவாட்டு டரட்டுக்கு மூடி போட்டது போதும், காற்றுக்கு நான் ரெட்டிகிள் கோட்டை வைத்தே சமாளிக்கிறேன்.

ரெட்டிகிள் பெரிதாக்கும் லென்ஸ்களுக்கு முன் தளத்திலா பின் தளத்திலா என்பதற்குச் சண்டையே நடக்கிறது. முன் தளம் என்றால் பவரோடு கோடும் பெரிதாகும், எந்தப் பவரிலும் அளவு சரியாக இருக்கும். ஆனால் 3 பவரில் கோடு சிலந்தி நூலாகி, அடர்ந்த ஸ்ப்ரூஸ் மரங்களின் இருட்டில் காணாமல் போகும். பின் தளம் என்றால் கோடு எப்போதும் ஒரே தடிமன், ஆனால் அளவு சரியாக இருப்பது ஒரே பவரில், பெரும்பாலும் உச்சப் பவரில். 15 பவர் ஸ்கோப்பை 7.5-ல் வைத்தால் 1 மில் கோடு 2 மில்லைக் காட்டும். இது தெரியாமல் சுட்டால் ஏமாந்தோம். எல்க்குக்கு என் ஓட்டு பின் தளத்துக்கு. கிட்டத்தில் கோடு வைத்து அளக்க வேண்டியதில்லை, தூரத்தில் பவர் எப்படியும் உச்சத்தில் இருக்கும். மங்கலாக எரியும் ரெட்டிகிள் விளக்கு இருந்தால் நல்லது. பேட்டரி ஓடும் கருவிகளைப் பற்றி மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. கணினியோடு இணைந்து தானே சுடும் 'ஸ்மார்ட் ரைஃபிள்' கொலராடோவில் கூடவே கூடாது. அந்தந்த வருட விதிப் புத்தகத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

பேரலாக்ஸ் பற்றி, அதாவது கண் நகரும்போது கோடும் இலக்கும் விலகித் தெரிவது பற்றி, நில அளவைக்காரனுக்குப் பாடம் தேவையில்லை. தியோடலைட்டில் வாத்தியார் முதல் நாள் சொல்லித் தந்ததுதான்: முதலில் வெறும் வானத்தைப் பார்த்துக் குறுக்குக் கோட்டைக் கூர்மையாக்கு, பிறகு பொருளைக் கூர்மையாக்கு. ஸ்கோப்பிலும் அதே வரிசை. கண் லென்ஸ் வளையத்தை வெளிர் வானத்தைப் பார்த்து, ஓரிரு வினாடிப் பார்வைகளாகச் சரிசெய்யுங்கள். உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் தானே சரிக்கட்டி ஏமாற்றும். பிறகு துப்பாக்கியை மணல் மூட்டையில் அசையாமல் வைத்து, கையை எடுத்துவிட்டுத் தலையை மட்டும் மேலும் கீழும் அசையுங்கள். குறுக்குக் கோடு இலக்கின் மேல் வழுக்கினால் பேரலாக்ஸ் இருக்கிறது. பக்கத்துக் குமிழைத் திருப்பி அந்த வழுக்கலை நிறுத்துங்கள். குமிழில் அச்சிட்ட தூர எண்ணை வைத்துக்கொள்ளலாம், கண்ணை நம்புவது மேல்.

எடை: 550 கிராம் ஸ்கோப்பும் உண்டு, 900 கிராமும் உண்டு. அந்த 350 கிராமைப் பத்தாயிரம் அடி உயரத்தில் தூக்கிப் பாருங்கள். குழாய் 30 மில்லிமீட்டர் என்றால் வெளிச்சம் கூடும் என்று விற்பனையாளர் சொன்னால் நம்பாதீர்கள். கிடைப்பது திருத்தத்துக்கான இடமும் உறுதியும்தான்.

நல்ல ஸ்கோப்பை மோசமாக மாட்டிக் கெடுப்பவர்கள் நிறைய. நல்ல ரிங் வாங்குங்கள், முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சு ஒன்றும் வாங்குங்கள். ரிங் தயாரித்தவர் சொன்ன அளவுக்கு, பெரும்பாலும் 15 முதல் 18 அங்குல பவுண்டு, மாறி மாறி முடுக்குங்கள். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடைவெளி வைப்பதைப் பனியன் போட்டுக்கொண்டு செய்யாதீர்கள். குளிர் கோட்டைப் போட்டுக்கொண்டு, படுத்தும் உட்கார்ந்தும் மேட்டை நோக்கியும் தோளில் வைத்துப் பாருங்கள். கோட்டின் கனம் துப்பாக்கியை முன்னே தள்ளும். மேட்டை நோக்கிச் சுடும்போது ஸ்கோப் புருவத்தை நெருங்கும். ஒன்பது, பத்து சென்டிமீட்டர் இடைவெளி தரும் ஸ்கோப்பாக இருந்தால் மேக்னம் உதைக்குப் பயமில்லை.

செங்குத்துக்கு நம் ஊர்க் கொத்தனாரிடம் இருக்கும் சாமானே போதும். வெற்றுத் துப்பாக்கியை ஸ்டாண்டில் வைத்து, அதன் மேல்தளத்தில் ரசமட்டம் வைத்துச் சமமாக்குங்கள். ஐம்பது கெஜம் தள்ளி வெள்ளைக் கயிற்றில் தூக்குக்குண்டைத் தொங்கவிடுங்கள். ஸ்கோப்பின் நெடுங்கோடு கயிற்றோடு ஒட்டி நிற்கும் வரை குழாயைத் திருப்பி, பிறகு முடுக்குங்கள். கோடு இரண்டு மூன்று டிகிரி சாய்ந்திருந்தால் 100 கெஜத்தில் ஒன்றும் தெரியாது, தூரம் போகப் போகத் தோட்டா பக்கவாட்டில் விலகும்.

கடைசியாக, நான் சொன்ன சோதனை. நாலு அடி உயர அட்டையில் தூக்குக்குண்டு வைத்து ஒரு செங்குத்துக் கோடு. கோட்டின் அடியில் ஒரு புள்ளி. சரியாக 300 அடி நாடாவால் அளந்து 100 கெஜத்தில் நிறுத்துங்கள். குத்துமதிப்பு வேண்டாம், இங்கே தவறினால் முழுக் கணக்கும் தவறு. புள்ளியைக் குறிவைத்து மூன்று தோட்டா. டரட்டை 8 மில் மேலே திருப்பி, அதே புள்ளியைக் குறிவைத்து மூன்று. முதல் கூட்டத்துக்கும் இதற்கும் இடையே 28.8 அங்குலம் இருக்க வேண்டும், கோட்டை விட்டு விலகவும் கூடாது. பிறகு டரட்டைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து மூன்று. இந்த மூன்றும் முதல் மூன்றின் மேலேயே விழ வேண்டும். 28.8-க்குப் பதில் 28.3 வந்தால் நான் கவலைப்பட மாட்டேன், 500 கெஜத்தில் அது அரை அங்குலச் சொச்சம். திரும்பி வராத ஸ்கோப்பை மட்டும் அன்றே பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

காட்டில் நடக்கும்போது பவர் எப்போதும் 3-ல். தூரத்தில் நிற்கும் எல்க் பவரைத் திருப்ப நேரம் தரும். பக்கத்தில் நிற்பது தராது.

அக்கா மகன் ஒரு 3-15, 44 லென்ஸ் வாங்கிவிட்டான். சனிக்கிழமை நாலரை மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு இங்கே வருகிறான். அட்டையில் கோடு போட்டு வைத்துவிட்டேன், தூக்குக்குண்டு வண்டியில் இருக்கிறது. ஒரே பெட்டித் தோட்டாவையும், ஆகஸ்ட் வெயிலாக இருந்தாலும் குளிர் கோட்டையும் மறக்காமல் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.